பதினாறு ஆண்டுப் பென்சில் குறிகள்

அபுதாபி எலெக்ட்ரா தெருவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் ஆறாம் மாடியில் சிவகொழுந்து அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். வயது ஐம்பத்தாறு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஒரு ஆபீசில் என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் விளக்கப் போனால் லிஃப்ட் தரைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு கலையரங்கத்தில் மேற்கத்திய இசைக்குழு ஒன்று உண்டு. எண்பது பேர் வாசிப்பார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அது வாசிக்க வேண்டியது மட்டும் அச்சான தாள்கட்டு ஸ்டாண்டில் இருக்கும். எல்லா வாத்தியமும் ஒன்றாக அச்சான கனத்த புத்தகம் கண்டக்டர் எனப்படும் நடத்துபவர் முன்னால் இருக்கும். நடத்துபவர் தன் புத்தகத்தில் பென்சிலால் குறித்து முன்கூட்டியே அனுப்புவார். இங்கே வயலின் வில்லை மேலே தள்ள வேண்டும், இங்கே மூச்சு விடக் கூடாது, இங்கே இன்னும் தணிய வேண்டும் என்று நூற்றுக்கணக்கான குறிகள். அவற்றை அந்தந்த வாத்தியத்தின் தாளில் படியெடுப்பதுதான் அக்காவின் வேலை. ஒரு நிகழ்ச்சிக்கு ஐம்பது அறுபது கட்டுகள் வரும்.

அவர் இசை படித்தவரல்லர். தொண்ணூற்று ஒன்பதில் கணவர் தியாகராசாவோடு இங்கே வந்தபோது ஒரு டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து இசைக்குழுவின் நூலகத்தில் இருந்த பல்கேரியப் பெண்மணி ஒருவர் ஏதோ படிவம் நிரப்ப வந்து, இவருடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். இரண்டு ஆண்டுகள் அவரிடம் இசைக்குறிகளைக் கற்றார். அந்த அம்மா ஓய்வுபெற்றுப் போனபின் இரும்பு அலமாரிகளின் சாவி இவர் கைக்கு வந்தது. எந்தக் குறி எங்கே நிற்கிறது என்பது இவருக்குத் தெரியும். அது எப்படி ஒலிக்கும் என்று கேட்டால் தெரியாது.

பெரான் என்ற நடத்துபவர் முதன்முதலாக வந்தது இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில். அப்போதே அவருக்கு அறுபத்தைந்து. ஆண்டுதோறும் இரண்டு வாரம் வருவார், ஒரே ஒரு இசையமைப்பாளரின் படைப்பைத்தான் நடத்துவார். மெரியல் என்ற பிரெஞ்சுக்காரர். எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் இறந்தவர், அதிகம் எழுதாதவர். தன் ஊர்க் கடலோர உப்பளங்களைப் பற்றி அவர் எழுதிய நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு ஒன்றுதான் பெரிது. பெரானுக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது, நடத்த வேண்டிய மூத்தவர் காய்ச்சலில் விழுந்துவிட, ஒரே நாள் அவகாசத்தில் அதை நடத்தப் போய் நின்றாராம். அன்று அரங்கில் உட்கார்ந்திருந்த மெரியலின் மகள் மறுநாள் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, தகப்பனார் தன் கையால் திருத்தி வைத்திருந்த பிரதியைக் காட்டினார். பெரான் அந்தத் திருத்தங்களையெல்லாம் நீலப் பென்சிலால் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தன்னுடைய எண்ணங்களைச் சிவப்பில் எழுதிவந்தார். எந்த ஊர் கூப்பிட்டாலும் மெரியல் என்றால்தான் சம்மதிப்பார் என்ற நிலை வந்துவிட்டது.

முதல் முறை இதைக் கேட்ட தியாகராசா, "கண்டக்டர் எண்டால் டிக்கெட் குடுக்கிறவரோ?" என்று கேட்டாராம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் அதே கேள்வியைக் கேட்பாராம். ஒவ்வொரு முறையும் தானே சிரிப்பாராம்.

பெரான் வந்திறங்கியதும் முதல் வேலையாக நூலக அறைக்கு வருவார். ஒரு பெட்டி பென்சில் தருவார். பிறகு இந்த வருடம் நான் என்ன மாற்றியிருக்கிறேன் என்று கேட்பார். அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுவாரியாகக் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்து வாசிப்பார். இரண்டாம் பகுதியில் வயோலாக்கள் எனும் பெரிய வயலின்கள் போன வருடம் மென்மை, இந்த வருடம் இன்னும் மென்மை. மூன்றாம் பகுதியில் கடைசிக்கு முன்னால் வரும் இடைவெளி போன வருடத்தைவிட ஒரு எண்ணிக்கை கூட. பெரான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில நேரம் அப்படியா செய்திருக்கிறேன் என்று வியந்துகொள்வார். இருவருக்கும் இடையில் பேச்சு அவ்வளவுதான். கொரோனா ஆண்டு ஒன்று தவிர, பதினாறு முறை இப்படியே நடந்தது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஆகஸ்டில் தியாகராசா இறந்தார். முஸஃப்பாவில் ஒரு இரும்பு வேலைக் கம்பெனியில் வரைபடம் போடுபவர் அவர். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் தூங்குகிறார் என்று நினைத்து அரைமணி நேரம் விட்டுவிட்டார். அக்கா அன்று கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கான தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். போன் வந்ததும் எடுத்த கட்டை முடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் புறப்பட்டார். அதை அவரே எனக்குச் சொன்னார், ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

பிணவறை, எம்பசி, கொழும்பு விமானம், அங்கிருந்து வேனில் யாழ்ப்பாணம். எல்லாவற்றையும் அவரும் மகன் சாருஜனும் செய்தார்கள். சாருஜன் துபாயில் ஒரு வங்கியில் வேலை செய்பவன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு அவன் அழுத அழுகையில் கொக்குவில் சனம் முழுக்க அழுதது. அக்கா பக்கத்தில் நின்று அவன் தோளில் கை வைத்திருந்தார். தன் கை மரம்போல இருந்தது என்றார். முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுவாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

சாருஜன் வெள்ளிக்கிழமைதோறும் துபாயிலிருந்து வருவான். அம்மா, ஆர் யூ ஓகே என்று கேட்பான். ஓம் என்பார். உண்மையில் அவருக்கு வலி ஒன்றும் இல்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. குளிர் தெரியவில்லை, சூடு தெரியவில்லை. கறியில் உப்புப் போட மறந்ததைச் சாருஜன் சொல்லித்தான் அறிந்தார்.

நவம்பரில் பெரானின் புத்தகம் கூரியரில் வந்தது. வழக்கம்போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முதல் இரண்டு பகுதியிலும் போன வருடக் குறிகளே, குழப்பம் இல்லை. மூன்றாம் பகுதிக்கு வந்ததும் கை நின்றது. ஒரே இடத்தில் பலமாக என்றும் மெல்ல என்றும் இரண்டு குறிகள். நான்காம் பகுதிக்கு உரிய குறிகள் இங்கே வந்து உட்கார்ந்திருந்தன. எக்காளத்துக்குச் சொன்னது ஹார்ப் எனும் யாழ் வாத்தியத்தின் வரியில் இருந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மெதுவாக என்ற பிரெஞ்சுச் சொல்லைச் சிவப்புப் பென்சிலால் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்தார், பதினொரு தடவை.

பெரியவருக்கு நினைவு தடுமாறுகிறது என்பது அக்காவுக்கு உடனே புரிந்தது. பதினாறு ஆண்டு அந்தக் கையெழுத்தோடு இருந்தவர். இப்படி ஒன்று வந்தால் மேலாளர் வெங்கட்ராமனிடம் போய்ச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. வேறு யாருடைய புத்தகமாக இருந்தாலும் சொல்லியிருப்பார், வேறு எந்த வருடமாக இருந்தாலும் சொல்லியிருப்பார். இந்த முறை புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். இரண்டு நாள் கழித்து, போன வருடக் குறிகள் அப்படியே இருந்த பழைய தாள்களை எடுத்து வரிசைப்படுத்தி நிகழ்ச்சிக்குத் தயார் என்று சீட்டு ஒட்டிவிட்டார்.

"சொல்லியிருக்க வேணும். அப்ப எனக்கு ஒண்டுமே பெரிசாத் தெரியேல்லை. ஆள் செத்ததே பெரிசாத் தெரியேல்லை, இது என்ன" என்றார் என்னிடம்.

பிப்ரவரியில் பெரான் வந்தார். மெலிந்திருந்தார். நூலக அறைக்கு வரவில்லை, பென்சிலும் வரவில்லை. முதல் நாள் ஒத்திகையில் முதல் இரண்டு பகுதிகளும் சுகமாகப் போயின. மேடைக் கையாளாக இருக்கும் கார்மேகம், கமுதிப் பக்கத்துக்காரர், பெரான் ஏறி நிற்கும் மேடைக்குப் புதிதாக ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தியிருந்தார். பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டே நடத்தினார்.

இரண்டாம் நாள் மூன்றாம் பகுதி. எட்டு வரி போகவில்லை, நிறுத்தினார். நான் எழுதி அனுப்பியதை வயோலாக்கள் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டார். வயோலாக்களின் தலைவி தன் தாளைத் தூக்கிக் காட்டி, இங்கே அப்படி ஒன்றும் இல்லையே என்றாள். மறுபடி தொடங்கினார்கள், மறுபடி நிறுத்தினார். இப்படி ஐந்து முறை. ஆறாம் முறை கோலை ஸ்டாண்டில் அடித்தார். இந்தத் தாள்களைத் தயார் செய்தவர்கள் ஐம்பது வருடத்து வேலையைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள் என்று கத்தினார். பதினாறு ஆண்டில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எண்பது பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, அவர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். வெங்கட்ராமன் மைலாப்பூர்க்காரர், நல்ல மனிதர். அருகே வந்து மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் சொன்னார்.

"கூரியர் லேட்டா வந்துதுன்னு சொல்லிடுங்கம்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"இல்லை, சேர். நேரத்துக்குத்தான் வந்தது."

பிறகு பெரானைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். நான்தான் படியெடுக்கவில்லை. நீங்கள் இந்த முறை எழுதியது வேறு மாதிரி இருந்தது. அதனால் போன வருடத்துக் குறிகளை அப்படியே விட்டுவிட்டேன்.

பெரியவர் கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினார். அக்கா பக்கத்தைத் திறந்து நீட்டினார். அந்தப் பதினொரு சொற்களை அவர் வெகுநேரம் பார்த்தார். ஒரு சொல்லின்மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். இது யாருடைய கையெழுத்து என்று கேட்டார்.

"உங்களுடையது" என்றார் அக்கா.

அவர் தலையாட்டினார். எல்லாரும் அரைமணி இடைவேளை எடுத்துக்கொள்ளலாம் என்று வெங்கட்ராமன் அறிவித்தார்.

அந்த அரைமணி இரண்டு மணி நேரமானது. பெரான் நூலக அறையில் வந்து உட்கார்ந்தார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். நவம்பரில். யாரிடம் சொன்னீர்கள். யாரிடமும் இல்லை. ஏன் என்று கேட்டார். ஆகஸ்டில் என் கணவர் இறந்துவிட்டார், அதன்பிறகு எதையும் போய்ச் சொல்லத் தோன்றவில்லை என்றார் அக்கா. பெரான் வருத்தம் தெரிவிக்கவில்லை. சரி என்பதுபோல அவரைப் பார்த்தார். ஆறு மாதமாக எல்லாரும் வருத்தம் தெரிவித்துக்கொண்டே இருந்ததில், தெரிவிக்காத ஒருவரைப் பார்ப்பது சுலபமாக இருந்தது என்றார் அக்கா.

பிறகு அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் பகுதியை மட்டும், முதல் வருடத்திலிருந்து வாசியுங்கள்.

அக்கா வாசித்தார். இரண்டாயிரத்து ஏழு, எட்டு, ஒன்பது. எந்த வாத்தியம், எத்தனையாவது வரி, என்ன குறி. டைப்பிங் சென்டரில் பாஸ்போர்ட் எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கும் அதே குரலில் வாசித்துக்கொண்டே போனார். பெரான் மேசைமேல் ஒரு விரலால் தட்டிக்கொண்டு கேட்டார். சில இடங்களில் விரல் நின்றுவிடும். அப்போது அக்காவும் நிறுத்துவார். விரல் மறுபடி தொடங்கும்வரை காத்திருப்பார்.

முடிந்ததும், இதில் எந்த வருடம் நன்றாக இருந்தது என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை என்றார் அக்கா. நிகழ்ச்சி நடக்கும்போது மாற்றுத் தாள்களை வைத்துக்கொண்டு பக்கக் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருப்பேன். அங்கே முரசும் பெரிய கம்பி வாத்தியங்களும் மட்டும்தான் கேட்கும். மூன்றாம் பகுதியில் முரசு கிடையாது. அதனால் அது நடக்கும்போது ஒன்றும் கேட்காது.

பெரான் நோட்டைத் தன் பக்கம் இழுத்துச் சில பக்கங்களைப் புரட்டினார். பிறகு இரண்டாயிரத்துப் பதினான்கு என்றார். அதையே போடுங்கள். ஏன் அந்த வருடம் என்று அக்கா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஐம்பத்தெட்டுக் கட்டுகளிலும் மூன்றாம் பகுதியை அழித்து, பதினான்காம் ஆண்டுக் குறிகளை மறுபடி எழுத வேண்டும். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கார்மேகம் தன் டூட்டி முடிந்ததும் வந்து ரப்பரால் அழித்துக் கொடுத்தார். தாள் கிழியாமல் அழிக்க அவருக்குக் கை வந்தது.

"முன்னாடி நான் இருந்த சைட்ல ஒரு எஞ்சினியரு இப்பிடித்தான்க்கா, இடிக்கச் சொன்ன சொவத்த அவரே மறந்துட்டு ஏன் இடிச்சேம்பாரு" என்றார். சற்றுப் பொறுத்து, "பெரியவருக்கு யாரும் இருக்காகளா?" என்று கேட்டார். ஒரு மகள் இருக்கிறாள் என்றார் அக்கா.

பெரானுடைய புத்தகத்தில் இருந்த சிவப்புக் குறிகளையும், அவர் சொன்னபடி, மூன்றாம் பகுதியில் மட்டும் அழித்துப் பதினான்காம் ஆண்டினதை அக்கா எழுதினார். பெரானின் கையெழுத்தைப்போலவே எழுத அவரால் முடியும். ஆனால் தன்னுடைய கையெழுத்திலேயே எழுதினார். நீலத்தைத் தொடவில்லை.

நிகழ்ச்சியன்று அக்கா கதவுக்கு வெளியே உட்காரக் கூடாது, அரங்கத்துக்குள்தான் உட்கார வேண்டும் என்று பெரான் வெங்கட்ராமனிடம் சொல்லியிருந்தார். ஆறாம் வரிசையில் இடம் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு லெபனான் குடும்பம், அந்தப் பக்கம் வயதான ஓர் ஆங்கிலேயரும் அவர் மனைவியும். அக்கா அலுவலகச் சேலையில் இருந்தார். ஏசி நேராகக் காலில் அடித்தது.

மூன்றாம் பகுதி தொடங்கியது. எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்றார். ஆங்கிலக் குழல் என்ற ஊதுவாத்தியம் வருமிடம், யாழ் வாத்தியங்கள் வருமிடம், எல்லாம் குறித்த இடத்தில் வந்தன. பக்கம் திருப்ப வேண்டிய நேரத்தில் மடியில் தன் கை அசைந்ததைப் பார்த்தார். கடைசிக்கு முன்னால் அந்த இடைவெளி வந்தது. பதினான்காம் ஆண்டில் அதற்கு நான்கு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பெரானின் இடக் கை மேலே நின்றது. ஐந்து, ஆறு. அவர் கை இறங்கவில்லை. ஏழு. முதல் வயலின்காரர் தலையை லேசாக அசைத்தார். அந்த அசைவில் மொத்த இசைக்குழுவும் உள்ளே நுழைந்தது. இரண்டு வரி கழித்துப் பெரானின் கையும் வந்து சேர்ந்துகொண்டது.

லெபனான் குடும்பத்துக்கு எதுவும் தெரியவில்லை. ஆங்கிலேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும், இவ்வளவு நீண்ட நிசப்தத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று மனைவியிடம் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. அக்காவுக்குக் கால் விறைத்திருந்தது. அதை மட்டும்தான் உணர்ந்தேன் என்றார்.

மறுநாள் காலை பெரான் விமானநிலையம் போகும் வழியில் அலுவலகத்தில் இறங்கினார். அக்காவிடம் கை கொடுத்தார். அடுத்த வருடம் பார்ப்போம் என்று இருவரில் யாரும் சொல்லவில்லை.

மே மாதம் அவருடைய மகளிடமிருந்து கடிதம் வந்தது. அப்பாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறோம், உங்களிடம் ஒரு நோட்டு இருப்பதாக அடிக்கடி சொல்கிறார், அதன் நகல் கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும் என்றார் வெங்கட்ராமன். அக்கா அதைக் கேட்கவில்லை. புது நோட்டு வாங்கி, பதினாறு ஆண்டையும் முதலிலிருந்து கையால் எழுதினார். மூன்று வாரம் ஆயிற்று. பதினேழாவதாக அந்த வருடத்தையும் எழுதினார். மூன்றாம் பகுதி, இடைவெளி, ஏழு எண்ணிக்கை.

ஜூலையில் பதில் வந்தது. நோட்டு கிடைத்தது, அப்பா அதை நாள் முழுக்க மடியில் வைத்துக்கொண்டிருந்தார், அழகான கையெழுத்து, யாருடையது என்று கேட்டார் என்று மகள் எழுதியிருந்தாள். அக்கா கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார்.

ஆகஸ்டில் ஆண்டுத் திவசத்துக்குக் கொக்குவில் போய் வந்தார். அங்கே மச்சாள் ஒருவர் முகத்துக்கு நேரே, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண்சாதியை இப்பத்தான் பாக்கிறன் என்றாராம். அக்கா படையலுக்கு வடை தட்டிக்கொண்டிருந்தார்.

இசைக்குழுவின் அடுத்த ஆண்டு நிகழ்ச்சிப் பட்டியலில் மெரியல் கிடையாது. வேறு யாரும் அதை நடத்தக் கேட்கவில்லை. அக்கா ஐம்பத்தெட்டுக் கட்டுகளையும் அட்டைப் பெட்டிகளில் போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தார். குறிகளை அழிக்கும்படி யாரும் சொல்லவில்லை, அவரும் அழிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாருஜன் வந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தபோது, உங்கட அந்த ஓல்ட் மேன் என்னவோ பண்ணுவாரே, அது என்ன என்று கேட்டான். தகப்பனின் டிக்கெட் பகிடி அவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அக்கா அந்தப் படைப்பின் பெயரைச் சொன்னார். அவன் போனில் தேடி, ஏதோ ஒரு நாட்டு இசைக்குழு வாசித்த மூன்றாம் பகுதியைப் போட்டான்.

அக்கா கையில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக்கு முன்னால் அந்த இடைவெளி வந்தது, வந்த வேகத்தில் முடிந்தது.

"நிப்பாட்டு" என்றார். "இது பிழை."

"வாட்?"

"அவசரப்படுகினம். அதிலை நிக்க வேணும். இவை நிக்கேல்லை."

அவர் குரல் உரத்திருந்தது. சாருஜன் அவரை நிமிர்ந்து பார்த்தான். ஓராண்டுக்கு மேலாக அம்மா எதையும் பிழை என்றோ சரி என்றோ சொல்லிக் கேட்டதில்லை என்று அவன் என்னிடம் பிறகு சொன்னான். வேறொன்றைத் தேடிப் போட்டான். அதுவும் பிழை. மூன்றாவதில் ஆங்கிலக் குழல் பிந்தி வந்தது. நான்காவதை அக்கா முழுதும் கேட்டார், பரவாயில்லை என்றார், ஆனால் வயோலாக்கள் பலமாக வாசிக்கினம் என்றார். பெரான் நடத்திய பதிவு எங்கேயாவது இருக்கிறதா என்று சாருஜன் தேடிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

சோறு ஆறிவிட்டது. அக்கா இருவருடைய தட்டையும் எடுத்துக்கொண்டு போய், மீன்குழம்பை மறுபடி சூடாக்கி ஊற்றிக்கொண்டு வந்தார். ருசி பார்த்துவிட்டு உப்பு காணாது, இன்னும் வேணும் என்று எழுந்துபோய் எடுத்துவந்தார்.